கமிஷனர் குதித்த கிணறு

ரங்காத்தாளின் கொழுந்தனார்கள் இரண்டு பேரும் ஒரே கிணற்றுக்காக வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பெரியவன் ஆத்தப்பன், கிணறு முழுக்கத் தனக்கே பாத்தியம் என்று வழக்குப் போட்டிருந்தான். சின்னவன் ராசப்பன், முழுக்க முழுக்கத் தனக்குத்தான் என்று பதில் போட்டிருந்தான். வழக்கு ஆரம்பித்தபோது கருகருவென்றிருந்த வக்கீல்களின் தலை இப்போது வெளுத்துவிட்டது. வேலம்பாளையத்துக்கு மேற்கே இருந்த அந்தக் கிணறு கோடைக்குக் கோடை வற்றும். வழக்கு ஒரு கோடையிலும் வற்றியதில்லை.

இந்த இரண்டு முழுக்கிணறுகளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பங்கும் இருந்தது. அது மூத்தவன் மாரப்பனுடையது. மாரப்பன்தான் ரங்காத்தாளின் புருஷன். அப்பன் வெட்டிய கிணற்றில் அண்ணன் தம்பி மூன்று பேரும் முறை வைத்து, நாளுக்கு ஒருவராகத் தண்ணீர் எடுத்துவந்தார்கள். ஆத்தப்பன் பனியன் துணி வெளுக்கும் சலவைப் பட்டறை போட்டு மின்சார மோட்டார் வைத்துக்கொண்டான். ராசப்பன் பருத்திக்கு ஆயில் இன்ஜின் வாங்கினான். மாரப்பன் மட்டும் பழையபடி கிணற்று மேட்டில் இரண்டு கல்லுக்கால்களை நட்டு, உருளை மாட்டி, மாடு பூட்டித் தோல்சாலில் இறைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

காரியம் முடிந்த ஈரம் காய்வதற்குள் தம்பிகள் இருவரும் வந்து நின்றார்கள். "ஆம்பளை இல்லாத ஊட்டுக்கு முறை எதுக்குங்க நங்கையா? நீங்க என்ன மாடு ஓட்டவா போறீங்க?" என்றான் ஆத்தப்பன். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். சொத்தைப் பிடுங்கும்போதுகூட 'ங்க' போட்டுப் பிடுங்குகிற மரியாதை வேறு எந்தச் சீமையிலும் கிடையாது.

ரங்காத்தாள் மாட்டை விற்கவில்லை, ஆள் வைத்து ஓட்டுகிறேன் என்றாள். அதற்குத் தம்பிகள் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்துக் கடப்பாரையோடு போய், கல்லுக்கால் இரண்டையும் பெயர்த்துக் கிணற்றுக்குள்ளேயே தள்ளிவிட்டார்கள். கடைசிக் கல் உள்ளே விழுந்த சத்தத்துக்கும் ரங்காத்தாள் வேலியோரம் வந்து நின்றதற்கும் சரியாக இருந்தது. ஜென்ம விரோதிகளான இரண்டு பேரும் ஒட்டுக்காகச் சேர்ந்து செய்த ஒரே வேலை அது. அதன் பிறகு அவரவர் வக்கீலைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கிணற்று முறை இருந்தால் அது தோட்டம். இல்லாவிட்டால் வெறும் காடு. தக்காளியும் வெங்காயமும் விளைந்த அவளுடைய நிலத்தில் வேலிகாத்தான் முளைத்தது. மாடுகளை விற்றாள். பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போனாள். தைக்கிறவனுக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை. குடிக்கிற தண்ணீரைப் பஞ்சாயத்துக் கிணற்றிலிருந்து தலையில் சுமந்தாள். முழுக் கிணறு வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தன் புருஷனின் ஒரு நாள் முறை வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்டு வழக்குப் போட அவளிடம் வக்கீலும் இல்லை, வக்கீலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஆத்திரம் மட்டும் நிறைய இருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு சித்திரைக் கடைசியில், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, கோர்ட்டிலிருந்து கமிஷனர் வருகிறார் என்று சேதி வந்தது. கமிஷனர் என்றதும் போலீஸ் என்று பயந்துவிட வேண்டாம். தகராறு நடக்கிற இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி ஒரு வக்கீலைக் கோர்ட் அனுப்பும். அவருக்குத்தான் அந்தப் பெரிய பெயர். வந்தவர் பெயர் ஞானசம்பந்தம். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய முருகன். சட்டம் படித்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அவருக்கு இதுதான் முதல் கமிஷன்.

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு என்பதால் ரங்காத்தாள் கிணற்றுக்குப் பக்கத்து வேலியில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒடித்துக்கொண்டிருந்தாள் என்பது பேருக்கு. காது முழுக்கக் கிணற்று மேட்டில்தான் இருந்தது.

கமிஷனர் வண்டியை விட்டு இறங்கியதும் ஆத்தப்பன் மோர்ச் சொம்பை நீட்டினான். அதை வாங்குவதற்குள் ராசப்பன் இளநீரைச் சீவி நீட்டினான். கமிஷனர் இரண்டையும் குடித்தார். கோர்ட்டின் நடுநிலைமை அவர் வயிற்றுக்குள் கடாமுடா என்றது. அளக்கிற டேப்பின் ஒரு முனையை அண்ணன் பிடித்தான், மறுமுனையைத் தம்பி பிடித்தான். ஆளுக்கொரு பக்கம் இழுத்த இழுப்பில் டேப்பே இரண்டு அடி நீண்டுவிட்டதாக அவர் பிறகு சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன கோடைல தூர் வாரினது நானுங்க, எழுதிக்குங்க," என்றான் ஆத்தப்பன்.

"வாரின சேத்தை அள்ளிக் கொட்டினது என்ற காட்டுலீங்க. அதையும் எழுதிக்குங்க," என்றான் ராசப்பன். 'என்னுடைய' என்பது அந்தப் பக்கத்து வாயில் 'என்ற' என்றுதான் வரும்.

உச்சிப் பொழுதாகிவிட்டது. கருப்புக் கோட்டைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டிய பிறகும் கமிஷனருக்கு வேர்வை ஆறாக ஓடியது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். கீழே, நிழலில், கரும்பச்சையாகத் தண்ணீர் கிடந்தது. "மெட்ராஸ்ல படிக்கிறப்ப கடல்லயே நீந்தினவன் நான். இந்தத் தண்ணியப் பாத்தா ஒரு முங்கு போடலாம்னு தோணுதுங்க," என்று பெருமூச்சு விட்டார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார்.

ஆத்தப்பனுக்கு அந்த நிமிஷம் மூளை வேலை செய்தது. குளிக்கச் சொல்ல யாருக்கு உரிமை உண்டோ அவன்தானே கிணற்றுக்குச் சொந்தக்காரன். கமிஷனர் தன் அனுமதியில் குளித்தால், தன் கிணறு என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி அல்லவா. "நம்ம கெணறுங்க சாமி. தாராளமாக் குளிங்க," என்றான். ராசப்பன் மட்டும் என்ன இளிச்சவாயனா? "நான் சொல்றனுங்க, என்ற கெணத்துல நீங்க குளிக்கறதுக்கு யாரைக் கேக்கோணும்?" என்று துண்டை நீட்டினான். அண்ணன் சோப்பு எடுத்துவர ஓடினான்.

அதற்கப்புறம் எங்கிருந்து குதிப்பது என்று போட்டி வந்தது. "கெழக்கால இருந்து குதிங்க, அங்கத்தான் ஆழம்," என்றான் ஆத்தப்பன். கிழக்குப் பக்கம் அவன் மோட்டார் இருந்தது. "ஆழமெல்லாம் மேக்காலதானுங்க," என்றான் ராசப்பன். கோடையில் மோட்டாரும் இன்ஜினுமாக உறிஞ்சி உறிஞ்சித் தண்ணீர் இடுப்பளவுக்குத்தான் இருந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கிணற்றில் தண்ணீர் கம்மி என்று கமிஷனரிடம் எந்தச் சொந்தக்காரன் சொல்வான்?

ரங்காத்தாளால் அதற்கு மேல் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. தழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு மேட்டுக்கு வந்தாள்.

"சாமி, குதிக்காதீங்க. தண்ணி இடுப்புக்குத்தான் வரும். அடியில கல்லுக்கால் ரெண்டு கெடக்குது."

கமிஷனர் திரும்பிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டித் தயாராக நின்றிருந்தார்.

"இவங்க யாருங்க?"

"அது நம்ம நங்கையாளுங்க," என்றான் ஆத்தப்பன். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இந்தக் கெணத்துக்கும் உங்களுக்கும் என்னங்க பாத்தியம்? உங்க சோலியப் பாத்துட்டுப் போங்க," என்றான்.

"அண்ணன் சொல்றது செரிதானுங்க," என்றான் ராசப்பன். அண்ணன் சொல்வது சரி என்று அவன் வாழ்நாளில் சொன்னது அதுவே முதல் தடவை.

இரண்டு சொந்தக்காரர்கள் குதி என்கிறார்கள். பாத்தியமில்லாத ஒருத்தி வேண்டாம் என்கிறாள். சட்டம் படித்தவர் யாரை நம்புவார்? கிழக்கு மேற்கு என்று யார் மனதையும் புண்படுத்தாமல், நடுநிலைமையாகத் தெற்குப் பக்கம் போய் நின்று, "முருகா" என்று கும்பிட்டுக் குதித்தார். கல்லுக்கால்களும் தெற்குப் பக்கம்தான் கிடந்தன.

சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. மரக்கிளை முறிகிற மாதிரி இருந்தது என்று ரங்காத்தாள் பிறகு சொன்னாள். அடுத்து முருகனைக் கமிஷனர் கூப்பிட்ட விதத்தில் பக்தி கம்மியாக இருந்தது.

தம்பிகள் இருவரும் மேட்டில் நின்று வாய் பிளந்தார்கள். ரங்காத்தாள்தான் வீட்டுக்கு ஓடிக் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்தாள். பட்டறை ஆட்கள் நான்கு மூலைக்கும் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். கமிஷனரைக் கட்டிலில் கிடத்தி மேலே இழுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் அதுபாட்டுக்கு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேப்பமர நிழலில் கட்டிலை வைத்ததும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். என்ன இருந்தாலும் வக்கீல். முதலில் கேட்டது தண்ணீர் இல்லை.

"இந்தக் கெணறு யாருதுங்க?" என்று கேட்டார்.

ஆத்தப்பன் ராசப்பனைப் பார்த்தான். ராசப்பன் ஆத்தப்பனைப் பார்த்தான்.

"தம்பியுதுங்க," என்றான் ஆத்தப்பன்.

"ஏனுங், அண்ணன் இருக்கறப்ப எனக்கேதுங்க கெணறு? அவருதுங்க," என்றான் ராசப்பன்.

கமிஷனருக்கு வலியோடு வலியாகச் சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்ததில் கால் இன்னும் வலித்தது. ரங்காத்தாளுக்கு அவரைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது, வயிற்றுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். படுத்துக்கொண்டே ஞானசம்பந்தம் சும்மா இருக்கவில்லை. கைச்சுவர் இல்லாத கிணறு, ஆழத்தைப் பற்றிப் பொய், உள்ளே மறைந்து கிடந்த கல் என்று வரிசையாகச் சொல்லி, இரண்டு பேருக்கும் ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். நஷ்டஈடு தனி, கிரிமினல் கேஸ் தனி. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருத்தர் சைக்கிளில் வந்து, "கெணத்துக்குச் சொந்தக்காரன் எங்கய்யா?" என்று கேட்டார். அண்ணன் மாமனார் ஊருக்கும் தம்பி பெருமாநல்லூர்ச் சந்தைக்கும் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள். இரண்டு பேரும் அவரவர் வீட்டுக் குதிருக்குப் பின்னால் இருந்தார்கள்.

வக்கீல்களிடம் ஓடிப் பார்த்தார்கள். அங்கேயும் கதவு திறக்கவில்லை. வக்கீல் காலை ஒடித்த வழக்கில் எதிர்த்தரப்புக்கு நிற்க அந்த ஊரில் எந்த வக்கீலும் தயாராக இல்லை. ஆத்தப்பனின் வக்கீல் மட்டும் பழைய பழக்கத்துக்காக ஒரு யோசனை சொன்னார்.

"சொந்தக்காரன் எவனோ அவன் தலையிலதான் விடியும். கெணறு உங்களுது இல்லேன்னு காட்டிருங்க. வேற வழி இல்லை."

"இத்தனை வருசமா எனக்கேன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கனேங்க?"

"அதெல்லாம் போன வருஷத்துச் சத்தியம் கவுண்டரே. இந்த வருஷத்துக்குப் புதுசாப் பண்ணிக்கலாம். கெணத்த யாராச்சும் ஏத்துக்கோணும். அதுதான் முக்கியம்."

ஏற்றுக்கொள்ள ஆள் வேண்டுமே. அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கத் தயார், தம்பி அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கத் தயார். வாங்கிக்கொள்ளத்தான் இருவரும் தயாராக இல்லை. மாமன் மச்சான் பங்காளி என்று ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் உள்ள கிணறு, சும்மா தருகிறோம் என்றால், கால் ஒடிந்த கதையைக் கேள்விப்பட்டிருந்த ஜனம் கும்பிடு போட்டு ஓடியது. கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஞாபகம் வந்தது. கைம்பெண், கேட்க நாதியில்லாதவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். இத்தனை நாள் அவளுக்குப் பங்கு இல்லாமல் போனதற்கு என்னென்ன காரணமோ, அவள் தலையில் கிணற்றைக் கட்டுவதற்கும் அதே காரணங்கள்தான்.

மறுநாள் காலையில் ரங்காத்தாள் கம்பெனிக்குக் கிளம்புகிற நேரத்தில் கொழுந்தனார்கள் இருவரும் ஒட்டுக்காக வாசலில் நின்றார்கள். கையில் வாழைத்தாரும் பூவும் இல்லாத குறையாக, ஒரு சீப்புப் பழமும் சர்க்கரைப் பொட்டலமும் இருந்தன. முறையைப் பிடுங்க வந்த நாளுக்குப் பிறகு அவர்கள் அந்த வாசலை மிதித்ததில்லை.

"நங்கையா, நல்லா இருக்கறீங்களா?" என்றான் ஆத்தப்பன்.

"இருக்கறனுங்க. யாருக்காச்சும் சாவா?"

"அதெல்லாம் இல்லீங்க. உங்களை நெனச்சா மனசு கேக்கறதில்லீங்க. அண்ணன் பங்கு உங்களுக்கு வராம நிக்குதேன்னு தம்பிதான் நேத்துப் பூரா அழுதான்."

ராசப்பன் உடனே மூக்கை உறிஞ்சினான். கொஞ்சம் முன்யோசனை இல்லாத ஆள், கண்ணைத் துடைக்க மறந்துவிட்டான்.

ரங்காத்தாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நோட்டீஸ் வந்ததும் ஏட்டு வந்ததும் கம்பெனி முழுக்கத் தெரிந்த கதை. கிணற்றை வாங்கினால் கமிஷனர் காலையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதும் தெரியும். அந்தக் காலுக்கு ஈடு கொடுக்கச் சொன்னால் அவளிடம் ஆடுகளும் அந்தக் காடும்தான் உண்டு. இரண்டும் போய்விடலாம். ஆனால் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிணறு நிற்கிறது. வருஷக்கணக்காகத் தலையில் குடம் சுமந்த கழுத்து வலி அவளுக்குப் பதிலாகப் பேசியது.

"எனக்கெதுக்குங்க கெணறு?" என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நான் என்ன மாடு ஓட்டவா போறேன்?"

"அப்படிச் சொல்லப்படாதுங்க நங்கையா," என்று பதறினான் ஆத்தப்பன். "முழுக்கெணறும் உங்களுக்கேங்க. அப்பன் காலத்துலயே வாய்ப்பேச்சாப் பாகம் பிரிச்சப்ப, கெணறு அண்ணனுக்குத்தான்னு ஆயிருச்சு. எங்களுக்கு அதுல எந்தப் பாத்தியமும் எப்பவும் இருந்ததில்லே. அப்படியே எழுதிப் பத்திரம் பண்ணிக் குடுத்தர்றோம்."

"கெணத்த வாங்கித் தலை மேலயா வெச்சுக்கறது? போய்வரத் தடம் வேணும், தண்ணி பாய வாய்க்கா வேணும். எல்லாம் உங்க காட்டுக்குள்ளல்ல இருக்குது."

"தடமும் உங்களுதுங்க, வாய்க்காலும் உங்களுதுங்க," என்றான் ராசப்பன். அவளுடையது பெருகப் பெருகத் தன்னுடையது குறைகிறது என்ற சந்தோஷத்தில் தன் காட்டில் இருந்த வேப்பமரத்தையும் சேர்த்துக் கொடுத்தான்.

"வெயில்ல பத்திர ஆபீசுக்கு நடக்க என்னால ஆகாதுங்க."

வில்வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். பத்திர ஆபீசில் ரிஜிஸ்தரார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "யாராச்சும் மிரட்டி எழுதி வாங்கறாங்களா? மனசாரத்தான் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். "மனசாரத்தானுங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் அதுவரை கோர்ட் கச்சேரியில் சொன்ன ஒரே உண்மை அது. ரங்காத்தாள் கட்டை விரலை மையில் தோய்த்து அழுத்தினாள். தம்பிகள் வெளியே வந்ததும் ஆளுக்கொரு சோடா குடித்தார்கள், அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள்.

அன்றைக்கே ரங்காத்தாள் ஞானசம்பந்தத்தைப் பார்க்கப் போனாள். அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தறிச் சத்தம் கேட்கிற கூடத்தில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். ஒளிந்துகொண்டிருந்து ஏட்டு வந்து இழுத்துப் போகிற வரை காத்திருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. வருவது எதுவோ அது முகத்துக்கு நேராக வரட்டும் என்றுதான் போனாள்.

"சாமி, உங்க காலை ஒடிச்ச கெணறு என்னுதுங்க," என்றாள். "என்ன செய்யோணுமோ செய்ங்க. ஆடு இருக்குது, வித்துத் தாரேன். கெணத்த மட்டும் கேக்காதீங்க."

கிணறு தன்னுடையது இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களையே பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த மனிதர் எழுந்து உட்காரப் பார்த்தார், கால் விடவில்லை. பத்திரத்தை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"அம்மா, அன்னிக்கு மேட்டு மேல நின்னு என்னைக் குதிக்காதீங்கன்னு சொன்னது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. நீங்கதான் கேக்கலை."

"கெணத்துக்குச் சொந்தக்காரி தண்ணி இல்லை, அடியில கல்லு கெடக்குதுன்னு நேருக்கு நேரா எச்சரிச்சிருக்காங்க. அதையும் மீறிக் குதிச்சது என்ற முட்டாள்தனம். உங்க மேல கேஸ் போட்டா ஜட்ஜு என்னையத்தான் கேப்பாரு." பத்திரத்தைத் தட்டினார். "ஆனா உங்க கொழுந்தனாருங்க இதுல என்ன எழுதியிருக்கறாங்க பாத்தீங்களா? தங்களுக்குக் கெணத்துல எந்தப் பாத்தியமும் எப்பவும் இருந்ததில்லைன்னு. அப்ப அடுத்தவங்க கெணத்துக்குள்ள, சொந்தக்காரி வாயை அடைச்சுட்டு, ஆழம்னு பொய் சொல்லி என்னை எறக்கி விட்டிருக்கறாங்க. அந்தக் கல்லை உள்ளே தள்ளினது யாருங்க?"

ரங்காத்தாள் சொன்னாள். கல்லுக்காலைச் சொல்லும்போது மாரப்பனையும் சொல்ல வேண்டியிருந்தது. ஞானசம்பந்தம் பத்திரத்தை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க போய்க் கெணத்தைப் பாருங்கம்மா," என்றார் கடைசியில். "காலை நான் பாத்துக்கறேன்."

புது நோட்டீஸ் போனது. கிணறு எங்களுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்த கையெழுத்தே இப்போது கழுத்தைப் பிடித்தது. சொந்தக்காரன் என்றிருந்தாலாவது ஏதாவது பேசியிருக்கலாம். ஊரான் கிணற்றில் ஆளைத் தள்ளியவன் என்றால் எதைப் பேசுவது? கோடை லீவு முடிந்து கோர்ட் திறந்த அன்று பழைய வழக்கைக் கூப்பிட்டார்கள். வாதிக்கும் கிணறு இல்லை, பிரதிவாதிக்கும் கிணறு இல்லை என்று தெரிந்ததும் முன்சீப் சிரிக்காமல் இருக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். வழக்கு தள்ளுபடி ஆனது. ஆஸ்பத்திரிச் செலவையும் வைத்தியத்தையும் வக்கீலுக்கு வேலை போன நாட்களையும் அண்ணனும் தம்பியும் பாதிப்பாதியாக ஏற்றுக்கொண்டு, ராஜி பேசிக் கிரிமினல் கேஸிலிருந்து தப்பித்தார்கள். ஏட்டுக்குச் சைக்கிள் மிதிக்கிற வேலை மிச்சம்.

வீடு திரும்பினால் மோட்டார் ஓடவில்லை. மோட்டாரைப் போட ஆத்தப்பனுக்குப் பயமாக இருந்தது. "அடுத்தவங்க கெணத்துல குழாய் போட்டா அதுக்கு என்ன செக்சன்னு வக்கீலுகிட்டக் கேட்டுட்டு வந்திருக்கறேன்," என்று நங்கையாள் அறிவித்திருந்தாள். உண்மையில் அவள் கேட்கவில்லை. செக்சன் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. பட்டறைத் தொட்டிகள் காய்ந்து, பழுப்புப் பனியன் துணி மலையாகக் குவிந்து, கம்பெனிக்காரர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். ராசப்பனின் பருத்தி தலையைத் தொங்கப்போட்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு கிணற்று மேட்டுக்கு வந்தார்கள். ரங்காத்தாள் அங்கே கைச்சுவருக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். சொந்தக் கிணறு என்று ஆனதிலிருந்து ஒரு ஆடு பக்கத்தில் போனாலும் விழுந்துவிடுமோ என்று ஓடிவந்து விரட்டினாள். போகிற வருகிறவனையெல்லாம் திட்டித் திட்டித் தொண்டை கட்டியிருந்தது.

"நங்கையா, கெணத்தைத் திருப்பி எழுதிக் குடுத்துருங்க. பொம்பளை நீங்க எதுக்குச் சிரமப்பட்டுட்டு," என்றான் ஆத்தப்பன்.

"எனக்குச் சிரமம் ஒண்ணுமில்லீங்க."

"நாங்க பொழைக்க வேண்டாமுங்களா? பட்டறைல இருவது சனம் வேலையத்து உக்காந்திருக்குதுங்க."

அந்த இருபது பேரில் பாதிப் பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள். அவளைப் போலக் கூலிக்குப் போகிறவர்கள். ரங்காத்தாள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். கொழுந்தனார்களைப் பட்டினி போட வேண்டும் என்று ஒவ்வொரு குடம் சுமக்கும்போதும் அவள் வேண்டிக்கொண்டதுண்டு. இப்போது அது கையில் இருக்கிறது. ருசித்துப் பார்த்தாள். நினைத்த அளவுக்கு இல்லை.

"எழுதிக் குடுக்க முடியாதுங்க. முறை வேணா தாரேன். ஆளுக்கு ஒரு நாள், அப்பன் காலத்துல இருந்த மாதிரி," என்றாள். "ஆனா எங்கிட்ட மாடும் இல்லை, மோட்டாரும் இல்லை. என்ற நாளுக்கு உங்க மோட்டாரு ஓடோணும் பெரிய கொழுந்தனாரே. மொத முறை என்னுது. சின்னக் கொழுந்தனாரு மண்வெட்டி எடுத்துட்டு வந்து தண்ணி கட்டட்டும்."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல்கோர்ட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. பிறகு ஆத்தப்பன் போய் மோட்டாரைப் போட்டான்.

தண்ணீர் உடனே வந்துவிடவில்லை. வருஷக்கணக்காகக் காய்ந்த வாய்க்கால், வந்த தண்ணீரையெல்லாம் குடித்துக்கொண்டே இருந்தது. சருகையும் நுரையையும் எறும்பையும் தள்ளிக்கொண்டு, அங்கங்கே நின்று நின்று, கடைசியில் ரங்காத்தாளின் காட்டு வரப்பைத் தாண்டி அவள் காலை நனைத்தது. சுத்தம் செய்து கொத்திப் போட்டிருந்த மண் சுர்ரென்று சத்தம் போட்டது. அவள் நின்ற இடத்திலேயே அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழவில்லை, வாய்விட்டே அழுதாள்.

"இதைப் பாக்க இருந்திருக்கலாமல்ல மனுசா, அப்படி என்ன அவசரம் உனக்கு," என்று செத்துப்போன புருஷனைத் திட்டினாள். மோட்டார்ப் பக்கம் நின்ற ஆத்தப்பன் வேறெங்கோ பார்த்தான்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தவளுக்கு வாய்க்காலில் தண்ணீர் குறைவது கண்ணில் பட்டது. மேலே பார்த்தாள். ராசப்பனின் பருத்திக் காட்டு ஓரத்தில் மடை ஒரு கையகலம் திறந்திருந்தது. அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, எதுவும் தெரியாதவன் மாதிரி வானத்தில் மேகம் தேடிக்கொண்டிருந்தான்.

"அந்த மடையைக் கட்டுங்க சின்னக் கொழுந்தனாரே," என்றாள் ரங்காத்தாள். "இன்னிக்கு என்ற முறை."

ராசப்பன் குனிந்து மண்ணை இழுத்துப் போட்டு அடைத்தான்.